நூற்றுப் பதினான்காம் கல்லறையின் சொந்தக்காரர்

எங்கள் கொள்ளுத்தாத்தா பட்டாளத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். என்ன உத்தியோகம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பா மட்டும், "வெள்ளக்காரனே அவரக் கேட்டுத்தான் வெளிய கெளம்புவான்" என்பார். அதற்குமேல் கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

கொள்ளுத்தாத்தா இருந்ததற்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி, கண்டோன்மெண்ட் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நூற்றுப் பதினான்காம் எண் கல்லறை. கல்லில் ஒரு சிலுவையும் சவரிமுத்து என்ற பெயரும் மட்டும் இருக்கும். மூன்று வயதில் தகப்பனை இழந்த எங்கள் தாத்தா, ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு முன்தினம் அதைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மறுநாள் செவ்வந்தி போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார். தொண்ணூறை நெருங்கிச் சாகும்போது, "எங்கப்பாகிட்டயே என்னப் போடுங்க" என்றார். அப்படியே அந்தக் கல்லறையைத் திறந்து அவரையும் அதில் வைத்தோம். ஒரே குடும்பத்தாரை ஒரே குழியில் வைப்பது எங்களில் வழக்கம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் பூசை முடிந்து ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். தோட்டத்தில் இடமில்லை, பழைய கல்லறைகளைத் தங்களுடையவை என்பவர்கள் கோயில் பதிவேட்டிலிருந்து உறவுமுறைக்குச் சான்று எடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும், உள்ளே இருப்பவர்களின் எலும்புகளைப் பொதுக்குழியில் சேர்த்துவிடுவார்கள். பெரியப்பாவுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. சிவாஜிநகரில் ஜெராக்ஸ் கடை வைத்து ஊரார் பத்திரங்களுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவர் அவர். சொந்தத் தாத்தாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லையே என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது.

பெரியப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை. பதிவேடுகளோ அந்தக் காலத்துச் சாமியார்கள் எழுதிய சேர்த்தெழுத்து ஆங்கிலம். கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கோயில் ஆபீஸைப் பார்த்துக்கொண்டது உபதேசியார். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் எங்களுக்கு ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவரும் அவர்தான். பொய் என்ன மாதிரியான பாவம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

முதலில் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. தகப்பன் சவரிமுத்து, தாய் மரியாயி. தகப்பன் தொழில் என்ற இடத்தில் இருந்ததை நான் சத்தமாகவே வாசித்துவிட்டேன்.

"ஹார்ஸ் கீப்பர்னு போட்டிருக்கு பெரியப்பா."

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "குதிரையும் பட்டாளந்தாம்மா, மேல படி" என்றார். யோசித்துப் பார்த்தால், லாயத்தில் கேட்காமல் எந்த வெள்ளைக்காரன் குதிரையேறி வெளியே போயிருக்க முடியும்? அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்தது அடக்கப் பதிவேடு. நூற்றுப் பதினான்கைக் கண்டுபிடித்தேன். சவரிமுத்து, தையற்காரர், வயது எழுபது, மனைவி லூர்தம்மாள். பெரியப்பா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னும் மெதுவாகப் படி என்றார். மெதுவாகப் படித்தாலும் லூர்தம்மாள் லூர்தம்மாளாகவேதான் இருந்தாள்.

நான்கு பக்கம் தள்ளி எங்கள் சவரிமுத்து கிடைத்தார். குதிரைக்காரர், வயது இருபத்தெட்டு, மனைவி மரியாயி, காய்ச்சல். கல்லறை எண் இருக்க வேண்டிய இடத்தில் பொதுக்குழி என்று இருந்தது. அந்தப் பக்கம் முழுக்க எல்லோருக்கும் காய்ச்சல், எல்லோருக்கும் பொதுக்குழி.

பெரியப்பா தனக்குத்தானே சொல்வதுபோல், "எங்கப்பா மூணு வயசுக் கொழந்த. அவருக்கு இன்னா தெரியும். எங்க பாட்டிதான் கையப் புடிச்சி இட்டுனு போயி, இதாண்டா உங்கப்பான்னு காட்டியிருக்கு" என்றார்.

"பாட்டிக்குப் படிக்கத் தெரியாதா பெரியப்பா?"

"மடத்துல வளந்தவங்க. நல்லாவே தெரியும்."

தெரிந்திருந்தும் இப்படித் தப்பான கல்லைக் காட்டியிருக்கிறாளே என்று எனக்கு அந்தக் கொள்ளுப்பாட்டிமேல் ஆத்திரமாக வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருக்கக் கூடாதா?

அதற்குள் உபதேசியார் எங்களைக் கூப்பிட்டார். மேஜையில் விண்ணப்பப் பாரங்கள் மலைபோல் கிடந்தன. தலை நிமிராமல், "சொல்ப சீக்கிரம் சொல்லுங்க. நம்பர் நூத்திப் பதினாலு, சவரிமுத்து. சம்சாரம் பேரு?" என்றார்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மரியாயி" என்றார்.

"அப்படியா போட்டிருக்கு பாப்பா?"

பதிவேடு என் மடியில் திறந்தே கிடந்தது. ஆமாம் சார் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். வரும் வழியில் பெரியப்பா எனக்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். எனக்கு அது இனிக்கவே இல்லை. பாரத்தில் பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் வகுப்புக்கு, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம்.

கூட இருந்த பிள்ளைகள் தம்பியை அடித்தேன், சர்க்கரை திருடினேன் என்று ஒப்பித்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் எழுந்து போனார்கள். என்னிடம் இருந்தது அத்தனை சில்லறைப் பாவமா? முழங்காலில் நின்று, கல்லறை எண், தையற்காரர், லூர்தம்மாள், பாதாம் பால் ஒன்றையும் விடாமல் பங்குச்சாமியாரிடம் கொட்டிவிட்டேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அந்தக் கல்லறைக்கு வேற யாராச்சும் வர்றாங்களாம்மா?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்ல ஃபாதர். நாங்க மட்டுந்தான்."

பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். லூர்தம்மாளுக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். எழுந்து வந்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது. நாளை கையெழுத்துப் போட வேண்டியவரிடமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று உபதேசியார் உத்தரவாதம் கொடுத்திருந்தார். கையெழுத்துப் போடுவார் என்று சொல்லவில்லையே. தாத்தாவைத் தோண்டி எடுத்தால் அதற்குக் காரணம் என் நாக்குதான் என்று பயந்து நடுங்கினேன். வீட்டில் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வரிசையில் நின்றோம். பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. பங்குச்சாமியார் எங்கள் பாரத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். மனைவி பெயர் இருந்த வரியில் விரல் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். முன்னால் நின்ற எல்லோரையும் கேட்டதுபோலவே, "எல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்டார். பெரியப்பா, "இருக்குது ஃபாதர்" என்றார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, முன்பின் பார்த்தே இராதவர் மாதிரி, "பாப்பா எந்த க்ளாஸ் படிக்கிற?" என்று கேட்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது என்பது மட்டுமல்ல, அதை வைத்துக்கொண்டு ஒன்றைச் செய்யவோ தடுக்கவோகூட அவருக்கு உரிமையில்லை என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே ராத்திரியில் அத்தனையையும் மறந்துவிட்டார், பாவம், வயதாகிவிட்டது என்பதுதான். வீடு வந்து சேரும்வரை, அவருக்கு நல்ல ஞாபகசக்தி கொடு ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.