டிக்கி வைத்த வண்டியின் வாசம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னது பின்னது மறந்தும் போகிறது. பொறுத்துப் படியுங்கள். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் கால்மிதி கிடக்கிறது. ஒரு மூலை கிழிந்தது. முன்பு எங்களிடம் இருந்த காரில் முன்சீட்டுக்குக் கீழே, இடதுபக்கம், என் காலுக்கு அடியில் கிடந்தது அது. காரை வாங்கிப் போனவர்கள் மற்ற மிதிகளை எடுத்துக்கொண்டு இதை மட்டும் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் போடியில் ஏலக்காய் கமிஷன் பார்த்தவர். எங்கள் பக்கம் காய் என்றால் ஏலக்காய்தான். மலையில் சின்னத் தோட்டக்காரர்களிடம் வாங்கி, கீழே கடைக்காரர்களிடம் சேர்ப்பார். கடைசி மகளை மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் கொடுத்திருந்தோம். ரெண்டு தடவை தங்காமல் போய், வெகு வருசம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. விசாரிக்கப் போன இடத்தில் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே, "வளகாப்பு முடிஞ்சு புள்ளத்தாச்சிய எதுல கூட்டிட்டுப் போவீக, பஸ்ஸுலயா?" என்று கேட்டார். அந்த மாதமே என் வீட்டுக்காரர் சின்னமனூரில் ஒரு வாத்தியார் ஓட்டி முடித்த காரை வாங்கி வந்துவிட்டார். டிக்கி வைத்த வண்டி. காய் மூட்டையும் ஏற்றலாம், மகளையும் ஏற்றலாம் என்பது அவர் கணக்கு.

வாங்கினதிலிருந்து அது மெக்கானிக் கடையில் நின்றதுதான் அதிகம். முதலில் கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது என்றார்கள். அப்புறம் மூட்டை ஏற்றி ஏற்றிப் பின்பக்க ஷாக்கப்சர் உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் கீழே கடகடவென்று சத்தம் வரும். அதற்கு ரப்பர் புஷ் மாற்றினார்கள். எலி வந்து ஒயரைக் கடித்தது. ஒவ்வொன்றுக்கும் சாமான் விலை ஒரு பங்கு என்றால் கூலி இரண்டு பங்கு. எங்கள் சின்ன மகன், "வாங்குன வெலையில பாதிய அதுக்கே தீனியாப் போட்டாச்சு, தள்ளிவிட்டிருங்கப்பா" என்பான். "இத்தனை மாத்தியாச்சுல்ல, இனிமே அதுல கெட்டுப்போக என்ன இருக்கு?" என்பார் அவர். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். இவர் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அடியில் அட்டையை விரித்துப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. என்ஜின் சூடு தணியக் கடைக்காரர் கொடுத்த பச்சைக் கூலண்டை ஊற்றினார், அதுவும் குறைந்தது. வண்டிக்குள் லேசாக இனிப்பு வாசம் அடித்தது. காய் ஏற்றுகிற வண்டி, காய் வாசம் என்று நினைத்தோம். முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தது. மலைப் பனி என்று துடைத்தார். என் காலுக்கடியில் மிதி பிசுபிசுத்தது. வளைகாப்புக்குக் கொண்டுபோன, காய் தட்டிப் போட்ட அதிரசத்தின் எண்ணெய் கசிந்துவிட்டது போல என்று நான் நினைத்தேன். போடிக்காரர்களுக்கு எந்த இனிப்பு வாசம் வந்தாலும் காயைத் தவிர வேறு எதுவும் நினைக்கத் தோன்றாது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. கை நிறைய வளையலோடு மகள் பின்சீட்டில் ஏறினாள். சம்பந்தி வீட்டார் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர் கண்ணாடியை இறக்கி, வேண்டாத இடத்தில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிளப்பினார். மேட்டில் ஏற ஏற மகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, என்னமோ வாசம் அடிக்குது."

"காய் வாசந்தான் ஆத்தா. ஒனக்குத் தெரியாத வாசமா?"

"காய் வாசம் எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. சீனிப்பாகு கருகுன மாதிரி இருக்கு. நிப்பாட்டுங்கப்பா, கொமட்டுது."

"புள்ளத்தாச்சிக்கு எல்லாந்தான் கொமட்டும். இந்தா போடிமெட்டு வந்துருச்சு."

மெட்டில் நிறுத்தினார். அவள் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பானட்டிலிருந்து புகையாக வந்தது. என்ஜின் சூடு காட்டுகிற முள் சிவப்பில் நின்றதை அவர் அப்போதுதான் பார்த்தார். மகள் குனிந்து என் மிதியைத் தூக்கினாள். அடியில் இருந்த துணி விரிப்பு ஊறிப்போய்க் கிடந்தது. விரலால் தொட்டு அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் மோந்து பார்த்தார், அவர் ஊற்றின பச்சைக் கூலண்டின் வாசமேதான்.

மலை இறக்கத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "இனிமே எறக்கந்தான. என்சின அமத்திட்டு நியூட்ரல்ல விட்டா போடி வரைக்கும் தன்னால எறங்கிரும். சூடும் ஏறாது" என்றார். மலை வண்டிக்காரர்கள் நிறையப் பேர் அப்படி இறக்குவார்கள். எண்ணெய் மிச்சம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கீழே எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் பார்க்க அவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் பஸ்ஸுல போறேன்ப்பா" என்றாள் மகள்.

"பஸ்ஸுலயா? அவுக காதுக்குப் போனா என்ன சொல்லுவாக?"

"அவுக சொல்றதச் சொல்லட்டும். என்சின அமத்திட்டா பிரேக் பிடிக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

"பிடிக்காம?"

"ஒக்காந்து மிதிச்சுத்தான் பாருங்களேன்."

அவர் கோபமாகத்தான் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் அணைந்தே இருந்தது. ஒரு தடவை மிதித்தார், இறங்கியது. மறுபடி மிதித்தார், பாதிதான் இறங்கியது. அடுத்த மிதிக்குக் கல் மாதிரி நின்றுவிட்டது. சீட்டைப் பிடித்து எழும்பி, முழு பலத்தையும் கொடுத்தார். அசையவில்லை. என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலமாம். அவர் முகம் அப்போது இருந்தபடி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இறங்கி, டிக்கியைத் திறந்து, மகளுடைய துணிப்பெட்டியை வெளியே எடுத்து வைத்தார்.

பஸ் வந்ததும் அவரே கை காட்டி நிறுத்தினார். "முன்னாடி எடம் குடுங்கப்பா, புள்ளத்தாச்சி" என்று கண்டக்டரை முந்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களிடம் சத்தம் போட்டார். "பைய்யப் போகச் சொல்லுங்கண்ணே" என்று கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் அவரைவிடச் சின்ன வயசுக்காரர். நானும் மகளோடு ஏறிக்கொண்டேன், அவர் வண்டியோடு மெட்டிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் காரை ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார்கள். டேஷ்போர்டுக்குள் குட்டி ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கிறதாம், குளிருக்குச் சூடு கொடுக்க. அது ஓட்டை. அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். சாமானைவிடக் கூலி பல மடங்கு. "நம்ம ஊருக்கு ஹீட்டர் என்னத்துக்கு?" என்று மெக்கானிக் அதற்குப் போகிற ரெண்டு ஓஸ் குழாயையும் ஒன்றாகச் சேர்த்து முடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் என்ஜின் ஹெட் வளைந்து, வண்டியையே எடைக்குப் போட வேண்டியிருக்குமாம்.

அதற்குப் பிறகு அவர் எந்த மெக்கானிக் சொல்லையும் நம்பவில்லை. வண்டி கடையிலிருந்து வந்ததும், "ஏத்தா, வந்து மோந்து பாரு" என்று மகளைக் கூப்பிடுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, "பெட்ரோல் வாசம் இருக்கு", "பெல்ட்டு கருகுது" என்று ஏதாவது சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். பேத்தி பிறந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருநாள் காரில் உட்கார்ந்த மகள், "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா, காய் வாசந்தான் வருது" என்றாள். அந்த வாரமே அவர் காரை விற்றுவிட்டார்.

இப்போது அவர் இல்லை. அந்த மிதியில் நின்று, எங்கள் வீட்டில் இருந்து படிக்கிற பேத்தி ஸ்கூல் ஷூவைக் கழற்றுகிறாள். எத்தனையோ தடவை கழுவியாகிவிட்டது, அதில் வாசம் எதுவும் இல்லை. நான் எழுதினதில் சாமான் பெயர் தப்பாக இருந்தால் வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றையும் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. பஸ் முதல் வளைவில் திரும்புகிறபோது அவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார் என்றுதான் என் நினைப்பு. மகள், அப்படி இல்லை என்கிறாள். பஸ் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் அப்பா வண்டிக்குள் உட்கார்ந்து அந்தப் பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார் என்கிறாள்.