பாலித் தீவுப் பிள்ளையாருக்குத் தொப்பி வந்த கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். ஆனாலும் மாசிப் புறநகரில் என் வீட்டு மரத்தள டெக், கார் ஷெட், வேலி எல்லாம் நானே கட்டியவை. டெக் கொஞ்சம் சரிவுதான்... மழைத் தண்ணீர் ஓட வேண்டாமா? பக்கத்து ரானுயி ஊர் ஹாலில் வெள்ளிக்கிழமைப் பூஜையைத் தொடக்கியதும் நான்தான். இப்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் — பாலித் தீவு மரச்சிற்பக் கலையின் வளர்ச்சி!

சிரிக்காதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன், பூஜைக்கு ஒரு மரப் பிள்ளையார் தருவதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் பாலியில் இறங்கினேன். அங்கே வயான் என்றொரு சிற்பி. வாசல் நிறைய மரப் பூனைகள், குடை பிடித்த மரத் தவளைகள்!

"தாத்தா கோயிலுக்கும் அரண்மனைக்கும் மட்டும் செதுக்கினார். அப்பா காலத்தில் வெள்ளைக்காரர் வந்தார்கள், ஒல்லி ஒல்லியான பெண்களைச் செதுக்கினார். என்னிடம் பூனைதான் கேட்கிறார்கள்" என்றார், அரைகுறை ஆங்கிலத்தில். என் ஆங்கிலமும் அரைகுறை. அதனால் முழுசாகப் புரிந்தது.

எங்கள் வீட்டுப் பிள்ளையாரின் போட்டோவைக் கொடுத்தேன். "அப்படியே வேண்டும். இம்மி பிசகக்கூடாது."

பிசகவில்லை. அதுதான் பிரச்சினை.

போட்டோ எடுத்தது ஜூலையில்; இங்கே அதுதான் நடுக்குளிர்காலம். பிள்ளையாருக்கும் குளிருமே என்று நான் சொல்ல, என் மனைவி பின்னிப் போட்ட கம்பளித் தொப்பி அவர் தலையில் இருந்தது. நான் கவனிக்கவில்லை. வயான் கவனித்தார். ஹாலில் நாற்பது பேர் முன்னால் பெட்டியைத் திறந்தால்... கண்ணி கண்ணியாக மரத் தொப்பி! உச்சியில் நூல் பந்து வேறு.

"என்ன அண்ணை, பிள்ளையார் பனிச்சறுக்கப் போறாரோ?" என்றார் சிவா மாஸ்டர். அன்றிலிருந்து மூன்று வருடமாக எனக்கு 'தொப்பி அண்ணை' என்று பெயர். யாருக்குத்தான் பிடிக்கும்?

போன சனிக்கிழமை கிளென்ஃபீல்ட் மாலில் ஒரு கடை. பூனைகளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பிள்ளையார். பன்னிரண்டு தொப்பி! 'பரம்பரையாக வந்த பாலி வடிவம்' என்று அட்டை.

"இது என் பிள்ளையார்" என்றேன். கடைப் பெண் இரக்கத்தோடு பார்த்தாள். "இல்லை சார், பல நூறு வருடத்துப் பாரம்பரியம்."

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, இடக்காதுக்கு மேலை பாருங்கோ. நான் பின்னேக்கை கண்ணி தவற விட்ட ஓட்டை!"

பன்னிரண்டிலும் அதே ஓட்டை. கடைப் பெண்ணிடம் காட்டினேன்.

"அது புனிதமானது சார். ஆவி போய்வரும் வழி."

தாத்தா காலத்தில் ராஜா கேட்டார், அப்பா காலத்தில் வெள்ளைக்காரர் கேட்டார், பிறகு நான் கேட்டேன். கலை அப்படித்தானே வளர்கிறது? ஆகவே என் கோரிக்கை இரண்டு. சிவா மாஸ்டர் என்னை இனிமேல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த அட்டையில் 'தொப்பி உதவி' என்று என் பெயரைப் போட வேண்டும்.

"பின்னினது நானெல்லோ?" என்கிறாள் மனைவி.

ஓம், பின்னியது அவள்தான். குளிரும் என்று சொன்னது யார்?