பதினைந்து எண்ணுவதற்குள் கழற்ற வேண்டிய சேலை

அந்தக் கடிதத்தை மூன்று நாள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலு வரிதான். களப் பணிக்குப் போகும் நாட்களில் சீருடைக்குப் பதிலாகச் சேலை உடுத்த அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தேன். கொடுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம். கொடுக்காவிட்டால் வேலையே நடக்காது என்பதும் தெரிந்திருந்தது.

சுனாமி அடித்த அடுத்த மாதம் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்தேன். அதுவரை தன்னாமுனையில் பாலர் பாடசாலை ஆசிரியை. முதல் நாளே இரண்டு சாம்பல் நிறக் காற்சட்டை, இரண்டு டீ-சேர்ட், நிறுவனத்தின் பெயர் போட்ட செம்மஞ்சள் ஜக்கெட் ஒன்று தந்தார்கள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாகக் காற்சட்டை போட்டேன். வீதியில் ஆட்கள் பார்த்தார்கள். பழகிவிட்டது.

எனக்குக் கிடைத்தது வாழைச்சேனைக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம். பாலத்தை அலை உடைத்துவிட்டதால் கடலோடு சேரும் களப்பு நீரை இஞ்சின் போட்டில்தான் கடக்க வேண்டும். தற்காலிகக் கொட்டில்களில் இருக்கும் பெண்களோடு பேசி வீட்டுப் படிவம் நிரப்புவது என் வேலை. யார் செத்தது, யார் மிச்சம், யார் பிள்ளை வயிற்றோடு இருக்கிறார், யார் வீட்டில் அடி உதை, எல்லாம் கேட்க வேண்டும். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் பட்டியல் மூடப்படும். படிவம் நிரம்பாத குடும்பத்துக்கு வீடு இல்லை.

பெண்கள் பேசவில்லை. கேட்டதற்கு "ஓம்", "இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுவார்கள்.

பூமணி அக்கா என்று ஒருவர். கணவனும் மூத்த மகளும் அலையில் போய், சின்ன மகளோடு தனித்து நின்றவர். முப்பத்தோராம் நாள் சடங்கன்று தெரியாமல் அவருடைய கொட்டிலுக்குப் போய்விட்டேன். இரண்டு படங்களுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய மச்சாள் வெளியே வந்தார்.

"குறை நினைக்காத புள்ள. இந்தக் கோலத்தில வாற ஆக்களிட்ட எங்கட வீட்டுச் சாவ என்னண்டு கதைக்கிற?"

அன்றைக்குத் திரும்பி வந்துதான் கடிதம் எழுதினேன்.

அனுமதி கொடுக்க வேண்டியவர் பாதுகாப்புப் பொறுப்பாளர் குணராசா சேர். திருகோணமலைக்காரர். கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சீலையோட போட்டில போகப் போறீங்களா?"

"ஓம் சேர்."

"அங்க போய் மாத்தலாமே?"

"அங்க மாத்துறதுக்கு எங்க சேர் இடம்? கொட்டிலுக்குக் கதவே இல்ல."

குரலை உயர்த்தாமல் சொன்னார். "மிஸ், அலை வந்த அண்டைக்கு நான் கல்லடியில நிண்டனான். மூண்டு நாள் பிரேதம் தூக்கினனான். எத்தின பொம்பிளையள் சீலை சிக்கிச் செத்துக் கிடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமே? மரத்தில, வேலியில, கம்பியில. நாங்கள் கத்தியால வெட்டித்தான் எடுத்தனாங்கள். என்ர கையெழுத்தில ஒரு ஆளச் சீலையோட தண்ணிக்கு அனுப்ப என்னால ஏலாது."

எனக்குத் தெரியும். என் அக்காவும் அப்படித்தான் போனாள். முள்ளுக்கம்பி வேலி ஒன்றில் சேலை சுற்றிக் கிடந்தவளை அடையாளம் காட்டியது நான்தான். அதற்குப் பிறகு நானும் சேலை உடுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் காற்சட்டையைத் தந்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் களத்துக்கே அனுப்பமாட்டார் என்று பயந்தேன்.

"படிவம் நிரம்பாட்டி அந்தச் சனத்துக்கு வீடு வராது சேர்," என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்து போகாமல் நின்றேன்.

கடைசியில் அவர் சொன்னார்: "தண்ணியில விழுந்து, நான் பதினைஞ்சு எண்ணுறதுக்குள்ள சீலையக் கழட்டிக் காட்டுங்க. அப்ப கையெழுத்து வைக்கிறன்." நான் விட்டுவிடுவேன் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே ஒத்துக்கொண்டார்.

ஏறாவூரில் எனக்குத் தெரிந்த டெயிலர் ஒருவர் இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கைத்தறிச் சேலையைக் கொடுத்து, கொசுவத்தை ஒரு இடுப்புப் பட்டியில் பிரஸ் பட்டன் வைத்துத் தைக்க வேண்டும், ஒரே இழுவையில் முழுதும் கழன்று வரவேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"புள்ள, சீல கழண்டு விழாம இருக்கத்தான் ஆக்கள் எங்கிட்ட வாற. கழண்டு விழத் தைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்."

காரணத்தைச் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு வேறு வேலை எடுக்காமல் அதையே தைத்தார். இடது இடுப்பில் ஒரு நாடா வைத்தார். அதை இழுத்தால் பட்டன்கள் வரிசையாகத் திறந்துகொள்ளும். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு காலைநேரம் வாழைச்சேனை இறங்குதுறைக்குப் போனோம். உள்ளே அலுவலகக் காற்சட்டை, மேலே சேலை. லைஃப் ஜக்கெட் இல்லை. அதுவும் கைவிட்டுப் போனால் என்ன என்பதுதான் சோதனை. எங்கள் அலுவலக எழுதுவினைஞர் சுபா இடுப்பளவு தண்ணீரில் கயிற்றோடு நின்றாள். குணராசா சேர் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குதித்தேன்.

"ஒண்டு... ரெண்டு..."

நாடாவை இழுத்தேன். கொசுவம் கழன்றது. கால்கள் விடுபட்டன. ஆனால் முந்தானை வரவில்லை. பழக்கதோஷத்தில் தோளில் ஊசி குத்தியிருந்தேன். கழன்ற துணி முழுவதும் அந்த ஊசியில் தொங்கிக்கொண்டு கழுத்தையும் கையையும் சுற்றியது. நெஞ்சளவு தண்ணீர்தான், எழுந்து நிற்கலாம். அது எனக்கு மறந்துபோயிற்று. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தேன். துணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அக்கா கடைசியாகக் கண்டதும் இதுதானா என்று நினைத்தேன். கை ஓடவில்லை.

சுபா கத்துவது எங்கோ கேட்டது. யாரோ பிடித்து இழுத்தார்கள். தலை வெளியே வந்தபோது குணராசா சேர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் நின்றார். அவருடைய கையில் விரித்த கத்தி. தோளில் துணியை வெட்டிவிட்டார்.

கரையில் இருந்து இருமினேன். அவர் பக்கத்தில் நனைந்தபடி இருந்தார்.

"என்ர அக்காவும் இப்படித்தான் சேர்," என்றேன்.

"முதலே ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா விடமாட்டீங்க."

"ஓம். விட்டிருக்கமாட்டன்." கத்தியை மடக்கினார். "ஊசி வேண்டாம். தோளிலயும் பட்டன் வைக்கச் சொல்லுங்க."

காக்கா வெட்டிய இடத்தை ஒட்டுப்போட்டு, தோளில் ஒரு பட்டன் வைத்தார். அடுத்த கிழமை மறுபடி குதித்தேன். அவர் பத்து எண்ணியபோது சேலை தனியே மிதந்தது. அனுமதியில் இரண்டு நிபந்தனை எழுதினார். போட்டில் லைஃப் ஜக்கெட், இராணுவச் சோதனைச் சென்றியில் மேலே அலுவலக ஜக்கெட்.

சேலையோடு போன முதல் நாள், பெண்கள் வாய் திறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பூமணி அக்கா என்னைக் கண்டதும் கத்தினார்.

"தண்ணியால சீலையோடயா வந்த? உனக்கென்ன விசரா புள்ள? அலையக் கண்டும் புத்தி வரல்லியா?"

அவருடைய கையைப் பிடித்து இடுப்பு நாடாவில் வைத்தேன். "கொஞ்சம் இழுங்கக்கா," என்றேன். இழுத்தார். முதல் இரண்டு பட்டன் திறந்தது. உள்ளே காற்சட்டை தெரிந்தது. அவர் பட்டனை அழுத்திப் பூட்டினார். மறுபடி திறந்தார். பூட்டினார். மற்றப் பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"இப்படி ஒண்டு எங்கட மூத்தவளுக்கு இருந்திருக்கப்படாதா," என்றார் மெதுவாக. "பூரணைப் பறுவமெண்டு கோயிலுக்குப் போக வெளிக்கிட்டவள். நான்தான் சீலைய உடு எண்டன். கவுன் சட்டையோட போறன் எண்டுதான் நிண்டவள். நான்தான் புள்ள..."

இதை அவர் அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. மச்சாளிடம்கூட. படிவத்தை மூடி வைத்துவிட்டு அவரோடு பாயில் இருந்தேன். அன்றைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த நாள் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சித்திரைக்கு முன் அந்தக் கிராமத்தின் படிவங்கள் எல்லாம் நிரம்பின. பூமணி அக்காவின் வீடு அவருடைய பெயரிலேயே வந்தது. பிறகு சண்டை வந்து அந்தச் சனம் திரும்பவும் இடம்பெயர்ந்ததும், அந்த வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்ததும் வேறு துயரம்.

யுத்தம் முடிந்த வருஷம் பணியாளர் பொறுப்பு என்னிடம் இருந்தது. காத்தான்குடியிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை, ஹபாயா என்ற நீள அங்கியோடு களத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். மோட்டார் சைக்கிளில் போகிறவள். சக்கரத்தில் துணி சிக்குவதை என் கண் அப்போதே கண்டுவிட்டது. "ஏலாது" என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

மறுப்பவருக்குள்ளும் ஒரு பயம் இருக்கும். பெரும்பாலும் அது கண்ணால் கண்ட பயம். கேட்பவருக்குள் இருப்பதை அவர் அறியமாட்டார். இரண்டு பேரும் வாய் திறக்காதவரை அது வெறும் சட்டப் பிரச்சினை போலத்தான் இருக்கும். இதைக் கற்றுக்கொள்ள நான் தண்ணீருக்குள் போக வேண்டியிருந்தது. இளையவர்கள் போக வேண்டியதில்லை.

கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இருங்க மகள். எனக்கு என்ன பயம் எண்டு முதல்ல சொல்றன். மறுகா உங்கட பயத்தச் சொல்லுங்க."