தகட்டில் காது வைத்தவர்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய காதுதான். காரின் பின் சீற்றைக் கழற்றி வேலியில் சாத்திவிட்டு, வெறும் தகட்டின் மேல் குப்புறப் படுத்து, வலது காதைத் தகட்டோடு ஒட்டவைத்து, கண்களை மூடிக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஓர் உழவு இயந்திரம் எங்கள் காரை இழுத்துக்கொண்டு போனது. அதன் இரைச்சல் காருக்குள் எட்டக்கூடாது என்று கரைவலைக் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டியிருந்தோம். காரின் எஞ்சினை நிறுத்திவிட்டு நான் ஸ்ரேறிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். "கதையாதை தம்பி, கேக்கட்டும்" என்றார். பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில்கூட அத்தான் அப்படிக் கண்மூடி நான் பார்த்ததில்லை. சந்திவரைக்கும் போய் நின்றதும் எழுந்து, காதில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பயப்பிடாதை தம்பி. பிள்ளை பிறக்குமட்டும் தாங்கும்." அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் அவருக்குத் தேநீர் ஊற்றச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டேன்.

அவர் என் மூத்த அக்காவின் கணவர். நாயாற்றுக்கு வடக்கே, கடலோரத்தில், அவர்களுடைய வளவுக்கும் எங்களுடையதற்கும் நடுவே இருந்தது ஒரு கிடுகு வேலிதான். அதிலும் ஆள் புகுந்து போய்வர ஒரு பொட்டு விட்டிருந்தோம். குழம்புச் சட்டி அந்தப் பொட்டு வழியாகத்தான் போய் வரும். இரண்டு வீட்டிலும் ஒரே இனக் கார், கிழட்டு ஏ போட்டி. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராது. எங்காவது கிடைக்கிற கொஞ்சத்தை ஊசிமருந்துப் போத்தலில் பத்திரப்படுத்தி, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு எஞ்சினை உசுப்பிவிட்டு, மிச்ச வழியெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுவோம். இருமலும் தட்டலும் புகையுமாக ஓர் ஓட்டம். எந்தக் காரில் என்ன சத்தம் கேட்டாலும் பழியை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அத்தானின் காருக்கு ஊரில் சங்கு என்று பெயர். அது வளைவுக்கு அப்பால் வரும்போதே ஊளை கேட்கும். பின்னச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும், டிபரன்சல் என்போம். அதற்குள் இருக்கும் பற்சக்கரங்கள்தான் எஞ்சினின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கொடுப்பவை. கருவாட்டு மூட்டைகளைக் கூரைவரை அடுக்கி அடுக்கி அந்தப் பற்களை அத்தான் தேய்த்துவிட்டார். எங்கள் கார் அப்படியில்லை. எங்களைப் பெற்ற ஐயா வலையும் வள்ளமும் வைத்துச் சம்மாட்டியாக இருந்த காலத்தில் வாங்கி, பிள்ளைபோல் வைத்திருந்தது. அதற்கு இருந்த ஒரேயொரு பழக்கம், ஓட்டத்தில் காலை எடுத்தால் பின்னால் டிபரன்சலுக்குள் ஒரு 'டொக்'. ஒன்றுதான், இரண்டாவது கேட்காது. "மரியாதை தெரிஞ்ச கார், கதவிலை தட்டிப்போட்டுத்தான் நிக்கும்" என்று ஐயா சிரிப்பார்.

ஆனால் நிறையக் காலம் அந்தக் கார் ரயர் இல்லாமல் மரக்குற்றிகளின் மேல்தான் கிடந்தது. அது அப்படிக் கிடந்த நாளில்தான் எங்கள் முதற்பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், உழவு இயந்திரப் பெட்டிக்குள் பிறந்தது. அழவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதும் அதே பெட்டியில்தான் வந்தோம். அதன் பிறகு ஐயா யாரிடமெல்லாமோ அலைந்து நாலு ரயர் தேடிப் பிடித்தார். "இனி இந்த வீட்டுப் பிள்ளை ஒண்டு பெட்டிக்குள்ளை பிறக்கப்படாது" என்று கார்த் திறப்பை என் கையில் தந்தார். அடுத்த மாரிக்குள் அவரும் போய்விட்டார். என் மனைவி இரண்டாம் தரம் கர்ப்பமானபோது அந்தக் கார் எங்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அத்தானுக்கும் யாரும் சொல்லத் தேவையில்லை. முதற்பிள்ளைக்குச் சவப்பெட்டி அடித்தவரே அவர்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, மனைவியை அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு, அவவை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கிழமையில் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சிகிச்சை முடிந்தது, திரும்பிவரப் பாஸ் கிடைக்கவில்லை. செட்டிகுளத்தில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் மாதக்கணக்கில் கிடந்தோம். போகும்போது கார்த் திறப்பை அத்தானிடம் கொடுத்து, "சும்மா நிண்டா இறுகிப்போம், இடைக்கிடை ஓட்டிப் பாருங்கோ" என்று சொல்லியிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது கார் கழுவித் துடைத்து, கிடுகுக் கொட்டிலுக்குள் பளபளவென்று நின்றது. அத்தானின் சங்கும் ஊதுவதை நிறுத்தியிருந்தது. "விசுவமடுப் பக்கம் ஒரு பழைய காரைப் பிரிச்சவங்கள். அதிலை ஒரு டிபரன்சல் எடுத்துப் போட்டன்" என்றார். எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. அவருடைய தோளில் தட்டி, "உங்களுக்கு நல்ல காலம் அத்தான்" என்றேன். எந்தக் கையால் தட்டினேன் என்பதுகூட இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு கூச்சம்.

சில வாரங்கள் கார் சத்தமில்லாமல்தான் ஓடியது. அந்த 'டொக்'கைக் காணவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. இல்லாத சத்தத்தை யார் கவனிப்பார்கள்? என் மனைவி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். அவள் புதுக்குடியிருப்பில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். காரில் ஏறும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஞ்சாருங்கோ, இந்தக் கார் சுறா எண்ணெய் மணக்குது. ஓட ஓடக் கூடுது" என்பாள். நாங்கள் சிரித்தோம். வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுகிற ஊரில் எதுதான் அப்படி மணக்காது? வேட்டி மணக்கும், குந்தியிருக்கிற வாங்கு மணக்கும், சுவாமியாரின் அங்கிகூட மணக்கும். "வயித்துப்பிள்ளைக்காரிக்கு எல்லாம் மணக்கும்" என்று அக்கா அவளைச் சீண்டினா. அத்தானும் சிரித்தார். இப்போது யோசித்தால், கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார்.

பிறகுதான் ஊளை தொடங்கியது. முதலில் நுளம்பு காதோரம் பறப்பது மாதிரி, பிறகு வண்டு மாதிரி. வழக்கம்போல எல்லோரும் மண்ணெண்ணெயைத் திட்டினார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். எங்கள் ஊரில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு இறங்க ஒரு மேடு கிடையாது, நிலம் பாயைப்போல் கிடக்கும். அதற்காகத்தான் உழவு இயந்திரமும் கரைவலைக் கயிறும். எஞ்சின் நின்ற பிறகும் ஊளை நிற்கவில்லை. மண்ணெண்ணெய் குற்றமற்றது என்று முடிவாயிற்று. சத்தம் பின்னாலிருந்துதான். அத்தான் "வலப்பக்கச் சில்லு பெயறிங்" என்றார். சில்லைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. அப்படியானால் நடுத்தண்டின் மூட்டு என்றார். அதையும் கழற்றினோம், அதுவும் நன்றாயிருந்தது. எனக்குப் பக்கத்தில் வியர்வை ஒழுக ஒழுக அவரும் மணலில் கிடந்து வேலை செய்தார். மிஞ்சியது டிபரன்சல் ஒன்றுதான். திறந்து பார்ப்போம் என்றேன்.

"அதை மட்டும் திறவாதை தம்பி" என்றார். "திறந்தா உள்ளுக்குக் கிடக்கிற ஒயில் மண்ணிலை ஊத்துண்டிடும். பிறகு வன்னி முழுக்கத் தேடினாலும் அந்த ஒயில் கிடைக்குமோ? நாளைக்கு இவளுக்கு நோ கண்டா என்ன செய்வாய்?"

கையிலிருந்த ஸ்பனரைக் கீழே வைத்தேன். அது தடைக் காலம். உள்ளே இருக்கும் எண்ணெய் உள்ளேயே இருக்கட்டும் என்று எல்லோரும் இறுகப் பூட்டியே வைத்திருந்தோம். நான் எந்த இடத்தில் பயப்படுவேன் என்று அவருக்குத் தெரியும். சாவியைச் சரியாக அந்தப் பூட்டில்தான் போட்டார்.

பிரசவ நோ கண்டது ஒரு காலை நேரத்தில். முதல் நாள் இரவே இடுப்பு உளைகிறது என்று மனைவி அக்காவிடம் சொல்லியிருந்தாள். அத்தான் விடியவே மீன் ஏற்றப் போகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். அக்கா பின் சீற்றில் இருந்து என் மனைவியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டா. புதுக்குடியிருப்பு வீதியில் பாதி வழி போயிருப்போம். ஊளை திடீரென்று அரைக்கும் சத்தமாக மாறியது. பிறகு ஒரு வெடிப்பு. பின்சில்லுகள் இறுகி, கார் மணலை உழுதுகொண்டு நின்றது. இறங்கி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். இரும்பு உருண்டை பிளந்து, கறுப்பாக ஏதோ ஒன்று கூழ்போல மணலில் வடிந்துகொண்டிருந்தது. சூட்டோடு சூடாகச் சுறா எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. விரலால் தொட்டு உரசினேன். மரத்தூள். வள்ளம் கட்டும் இடத்தில் கிடக்கும் மரத்தூளைச் சுறா எண்ணெயில் குழைத்து உள்ளே அடைத்திருந்தார்கள். தேய்ந்த பற்களின் சத்தத்தைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கி, காரை யாருடைய தலையிலாவது கட்டிவிடுகிறவர்கள் செய்யும் வேலை அது. மனைவி பின்னாலிருந்து கத்தினாள். எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

அப்போது பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அத்தானின் கார். "மாதாவே, உன்ர அத்தானை அனுப்பிவிட்டா" என்று அக்கா சிலுவை போட்டுக்கொண்டா. நானும் ஒரு கணம் அப்படித்தான் நம்பினேன். அத்தான் இறங்கினார். உடைந்த காரை அவர் பார்க்கவில்லை. என் விரலைத்தான் பார்த்தார். "ஏறு தம்பி. பிறகு பாப்பம்" என்றார். காருக்குள் மீனும் இல்லை, மீன் ஏற்றிய ஈரமும் இல்லை.

மனைவியைத் தூக்கிப் பின்னால் கிடத்திவிட்டு நான் முன் சீற்றில் ஏறினேன். கார் வழுக்கிக்கொண்டு போனது. வளைவு வந்ததும் அத்தான் காலை எடுத்தார். எனக்குப் பின்னால், ஒரேயொரு தரம், 'டொக்'. ஐயாவின் கார் கதவில் தட்டியது. நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவிலும் 'டொக்'. மனைவி வாய்விட்டுக் கத்தினாள், அவளுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. எனக்கு இல்லை. அந்த மனிதனின் கழுத்தைப் பிடித்திருப்பேன். அவருடைய கையில் ஸ்ரேறிங் இருந்தது, என் பிள்ளை இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய சற்று நேரத்தில் மகள் பிறந்தாள். வீரிட்டு அழுதாள். அத்தான் எங்கிருந்தோ தோடம்பழ இனிப்பு வாங்கிவந்து தாதிமாருக்கெல்லாம் தானே பிள்ளை பெற்றவர்போலக் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கினேன். தின்னவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, பொட்டு வழியாக அவர் வரும்வரை காத்திருந்து, எங்கள் டிபரன்சலைத் தன் காரில் போட்டுவிட்டுத் தேய்ந்ததை எங்களுடையதில் பூட்டினாரா என்று கேட்டேன். மறுக்கவில்லை. "நீ திரும்பி வருவியோ மாட்டியோ எண்டு ஆருக்குத் தெரியும்? உன்ர கார் சும்மா நிண்டது. என்ர ஓடோணும். எனக்கு நாலு பிள்ளையள்" என்றார். களவுக்கு அது ஒரு காரணம் என்றே வைத்துக்கொள்வோம். நான் வந்த பிறகு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் மணலில் கிடந்து சில்லுச் சில்லாகக் கழற்றியபோது? கேட்டேன். "அண்டைக்கு நான் பின்னாலை வந்தனான்தானே?" என்றார். அவருடைய கணக்கு அதோடு நேராகிவிட்டது. மாற்றிப் பூட்டித் தருவதாகச் சொன்னார். தரவில்லை. அடுத்த இடப்பெயர்வில் இரண்டு கார்களும் வழியில் நின்றுபோயின.

நான் பொட்டைக் கிடுகு வைத்து அடைத்தேன். மறுநாள் அக்கா குழம்புச் சட்டியோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பொட்டை ஏன் தம்பி அடைச்சனி?" என்று கேட்டா. நான் கிடுகை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அவா இரண்டாம் தரம் கேட்கவில்லை. சட்டியைத் திருப்பிக் கொண்டுபோனா. ஒன்றும் தெரியாத அக்கா என்றால் என்னைப் பிய்த்து எடுத்திருப்பா. அத்தான் செய்ததைவிட அக்காவின் அந்த மௌனம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது.

சென்ற வருடம் அத்தான் இறந்தார். என் மகள் கொழும்பிலிருந்து அவசரமாக ஓடிவந்தாள். இறுதிப் பூசை முடிந்ததும் கோவிலில் எழும்பிப் பேசினாள். "மாமா அண்டைக்குப் பின்னாலை வந்திருக்காட்டி நான் இல்லை" என்றாள். சனம் அழுதது. அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, அதனால் நானும் தலையைக் குனிந்துகொண்டேன். கடவுள் அனுப்பிய ஆள் என்றே அவள் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாகப் பெட்டியருகே போனேன். மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்திருந்தார்கள். அந்த வலது காதைப் பார்த்தபடி நின்றேன். கார் இழுபட்டுப் போன அந்த நாளும், கண்மூடிய அந்த முகமும் அப்படியே வந்தன. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் தேட வேண்டியதேயில்லை. வருடக்கணக்காக அவரோடு ஓடித் திரிந்த சத்தம் அது. இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும் என்பதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு எனக்கு உள்ளதைச் சொல்லியும் விட்டார்: பிள்ளை பிறக்குமட்டும் தாங்கும். நான்தான் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு, அவருக்குத் தேநீர் ஊற்றச் சொன்னேன்.