டீச்சரம்மாவின் இஸ்திரிப் பெட்டியும் என் மூன்றாவது பரீட்சையும்

தெருவில் உள்ள ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி குடியிருப்போர் சங்கத்தில் கேட்டார்கள். எங்கள் தெருவில் பெரிய மனிதர்களைக் கணக்கெடுத்தால் முதல் ஆள் நான்தான். என்னைப் பற்றி நானே எழுதினால் நன்றாக இருக்காது என்பதால் இரண்டாவது ஆளைப் பற்றி எழுதுகிறேன். அவர் பத்தொன்பதாம் எண் வீட்டு மாடியில் இருக்கும் டீச்சரம்மா. நடுநடுவே நானும் வருவேன், தவிர்க்க முடியாது.

டீச்சரம்மா எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. பஸ் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. பயணிகள் எழுதும் புகார்க் கடிதங்களைப் பதினெட்டு வருஷமாகப் படித்துப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறார். பதவி உயர்வு கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாராம். அந்தக் கடிதங்கள் ரொம்ப நன்றாக இருந்ததால், இப்படி எழுதுகிறவரைப் புகார்ப் பிரிவை விட்டு எப்படி அனுப்புவது என்று அங்கேயே வைத்துக்கொண்டார்களாம். இரண்டு மணிக்கு ஆபீஸ் விட்டு வந்தால், மூன்று மணிக்குக் கட்டுரை கற்றுக்கொள்ள ஆள் வரும். கல்லூரிக்கு மனுப் போடும் பெண்கள் வருவார்கள், வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள் வருவார்கள். அறுபத்து மூன்று வயசில் போய் உட்கார்ந்த ஒரே ஆள் நான்தான். இந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு ஸ்பேனரோடு இந்த ஊருக்கு வந்து, பிளம்பர் கடை போட்டு, ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் வரவழைத்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் குடிநீர் வாரியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதுக் கட்டடத்துக்கு இணைப்புக் கொடுக்க லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்து வேண்டும். லைசென்ஸுக்கு இரண்டு பரீட்சை, கையால் ஒன்று, பேனாவால் ஒன்று. கைப் பரீட்சையில் எனக்கு நூற்றுக்கு நூறு. அதோடு விடாமல், பரீட்சை நடந்த ஹாலில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் சரி பண்ணிவிட்டுத்தான் வந்தேன். யாரும் கேட்கவில்லை.

பேனாப் பரீட்சை என்பது இருநூறு சொல்லில் ஒரு கட்டுரை. பிளம்பர் தெளிவாக அறிக்கை எழுத வேண்டுமாம். முதல் தடவை ஐம்பதுக்கு ஒன்பது வாங்கினேன். இரண்டாம் தடவை பதினொன்று. முன்னேற்றம்தான், ஆனால் பாஸுக்கு இருபத்தைந்து வேண்டும். வாய்ப்பு மொத்தமே மூன்று. மூன்றாவதிலும் போனால், லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவருக்குக் கீழேதான் வேலை செய்யலாம்.

அப்படி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் மனைவியின் தம்பி. அவன் தொழிற்பயிற்சிக் கூடத்தில் படித்துவிட்டு முதல் தடவையே பாஸ் பண்ணினவன்.

"மாமா, எதுக்குக் கவலைப்படறீங்க? கையெழுத்து நான் போட்டுக்கறேன்" என்றான் மச்சான். "கடைப் பலகையில மட்டும் என் பேரை மேல போட்டு, உங்க பேரைக் கீழ போட்டுக்கலாம்."

"எவ்வளவு கீழ?"

"கொஞ்சம்தான். எழுத்தும் கொஞ்சம் சின்னதா."

"தம்பி நல்லதுக்குத்தானேங்க சொல்றான்?" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பலகையில் ஒரே பேர்தான். மறுநாளே மாடி ஏறிவிட்டேன்.

டீச்சரம்மா வீட்டு மேஜையில் புத்தகத்தைக் காணோம். துணி மலையாகக் குவிந்திருந்தது. வீட்டுக்காரருக்கு ஓட்டல் வரவேற்பறையில் வேலை, தினம் வெள்ளைச் சட்டை வேண்டும். மாமனார் எங்கேயும் போவதில்லை என்றாலும் ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றுகிறவர். டீச்சரம்மா இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிக்கொண்டே, "படிங்க ஐயா" என்றார்.

"இஸ்திரி போட்டுக்கிட்டேவா?"

"காது சும்மாதானே இருக்கு."

பதினொரு மார்க் வாங்கிய கட்டுரையைப் படித்தேன். தலைப்பு 'அண்டை வீட்டார்'. "அண்டை வீட்டார் என்பவர்கள் பக்கத்தில் வசிப்பவர்கள். நான் இந்த ஊருக்கு வந்தபோது..." என்று ஆரம்பித்து, என் உழைப்பு, என் முன்னேற்றம், நான் குழாய் போட்ட பன்னிரண்டு மாடிக் கட்டடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அதற்குள் மூன்று சட்டையும் இரண்டு தலையணை உறையும் முடிந்திருந்தன.

"எப்படி இருக்கு டீச்சரம்மா?"

"சட்டை நல்லா வந்திருக்கு."

அப்புறம்தான் தன் முறையைச் சொன்னார். "நீங்க படிக்கிறப்ப என் கை எங்க நிக்குதோ, அங்கதான் கட்டுரை இருக்கு ஐயா. ஆபீஸ்ல நாப்பது வரி திட்டி எழுதுவாங்க, அதையெல்லாம் படிச்சா கொட்டாவிதான் வரும். ஒருத்தர் நாலே வரி எழுதினாரு. 'முப்பதாம் நம்பர் பஸ்ல, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்ல, என் பல் செட்டை விட்டுட்டேன். பேப்பர்ல சுத்தியிருக்கும். தின்பண்டம்னு நினைச்சு யாரும் பிரிச்சுடாதீங்க.' அன்னிக்கு ஆபீஸே எழுந்து டிப்போவுக்கு ஓடுச்சு. உங்களுக்கும் அதேதான். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்."

இரண்டு மாசம், வாரத்துக்கு மூன்று நாள் போனேன். மூச்சு விடும் இடத்தில் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டுரைக்கு ஐந்து 'நான்' என்று ரேஷன் போட்டார். முதல் பத்தியிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு 'மேற்படி நபர்' என்று எழுதிப் பார்த்தேன்.

"யாரு ஐயா இந்த மேற்படி நபர்? எதையெடுத்தாலும் ஜெயிச்சுக்கிட்டே இருக்காரு?"

"தெரிஞ்சவர்தான்."

பெட்டி நிற்கவில்லை. வெள்ளம் வந்ததாக எழுதினேன், படுக்கை விரிப்பு ஒன்று முடிந்தது. தொட்டிக்குள் பேய் இருந்ததாகக்கூட எழுதினேன். பேய் வெளியே வரும் இடத்தில் டீச்சரம்மா காலரைத் திருப்பிப் போட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு நான் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. மனசு விட்டுப்போயிருந்தது. டீச்சரம்மா இஸ்திரி போட்டபடியே, "குளியலறையில வெந்நீர் சரியா வரமாட்டேங்குது, என்னன்னு பாக்கறீங்களா ஐயா?" என்றார்.

"நாளைக்கே வந்து பாக்கறேன், வெந்நீர் லைனும் பச்சைத் தண்ணி லைனும் மாறியிருக்கான்னுதான் முதல்ல பாக்கணும். மாத்திட்டா வம்பு. அந்த வக்கீல் வீட்டுல..." என்று வாய் விட்டுவிட்டேன்.

"வக்கீல் வீட்டுல என்ன?"

சொன்னேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. வக்கீல் புது வீட்டில் வெந்நீர்க் குழாயை டாய்லெட் ஃப்ளஷ் தொட்டியில் இணைத்துவிட்டேன். மேலே டைல்ஸ் ஒட்டி எல்லாம் முடிந்துவிட்டது. குடிபோன முதல் நாள் காலையில் வக்கீல் ஃப்ளஷை அழுத்தியிருக்கிறார். அறை முழுக்க ஆவி. ஆள் அனுப்பினார். போனேன். துண்டோடு நின்றார். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

"என்ன மேஸ்திரி இது?"

சுவரை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். "புது ஏற்பாடு சார். குளிர்காலத்துல உக்காந்தா இதமா இருக்கும். பெரிய ஓட்டல்ல எல்லாம் இப்படித்தான்."

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்குப் பிறகு வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆரம்பித்தார். அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன்.

இதைச் சொல்லி முடிக்கும்போது ஏதோ கருகும் வாசனை வந்தது. ஓட்டல் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. டீச்சரம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஐயா, கை நின்னுடுச்சு."

"சட்டை போச்சே!"

"போனா போகட்டும். இதைத்தான் எழுதறீங்க."

"உயிரே போனாலும் மாட்டேன். அவர் வக்கீல். அதுவும் இல்லாம, தொழில்ல ஒரு தப்புகூடப் பண்ணாதவன்னு பேர் எடுத்திருக்கேன்."

"யாரு சொன்னாங்க அப்படி?"

"நான்தான்."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

பரீட்சையில் வந்த தலைப்பு, 'என் தொழிலில் மறக்க முடியாத ஒரு நாள்'. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். நாலு வரி எழுதி, மெதுவாக வாய்க்குள் படித்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி சர் சர் என்று போய்க்கொண்டே இருக்கும் சத்தம் காதில் கேட்டது. கடைப் பலகையில் மச்சான் பேர் பெரிசாகத் தெரிந்தது. நாலு வரியையும் அடித்தேன். 'ஒரு வக்கீல் வீட்டில் நான் ஒரு தப்புச் செய்தேன்' என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மீதிக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. மச்சான் வாங்கியது முப்பத்தாறு. அவன் சொல்லவில்லை, என் மனைவி சொன்னாள். ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டு டீச்சரம்மாவிடம் ஓடினேன். மார்க்கைப் பார்த்துவிட்டு, "மீதி ஒன்பது எங்க போச்சு?" என்று கேட்டார். அந்த அம்மாவின் குணம் அது.

அதோடு நின்றிருந்தால் சுபம். நல்ல கட்டுரை என்று வாரியம் தன் மாதப் பத்திரிகையில் என் பேரோடு அதைப் போட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வக்கீல் கடைக்கு வந்தார். என் நேரம், மச்சானும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, இதுல ஒரு வக்கீல்னு போட்டிருக்கு. அது யாரு?"

இந்த ஊரில் வக்கீலுக்கா பஞ்சம்? வேறு ஒருத்தர் என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. மச்சான் டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்தான். ஆனால் என் பேரைப் போட்டு எழுதியாகிவிட்டது. எழுதினதை இல்லை என்று சொன்னால் நாற்பத்தொன்றும் பொய்யாகிவிடும்.

"நீங்கதான் சார். அது புது ஏற்பாடு இல்ல. என் தப்பு. சுவரை உடைச்சு மாத்தித் தரேன்."

"அப்ப அந்தப் பெரிய ஓட்டல்?"

"எந்த ஓட்டல்லயும் கிடையாது சார்."

வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு நீதிபதியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கேனேய்யா!"

"நாளைக்கே உடைச்சுடறேன்."

"தொட்டீங்கன்னா கேஸ் போட்டுடுவேன்" என்றார். "இருபத்தாறு வருஷப் பழக்கம். வெளியூர் போனா எனக்கு வசதிப்படறதே இல்ல. பையன் புது வீடு கட்டறான். நான் அங்கதான் போய் இருக்கப்போறேன். அங்கயும் இதே மாதிரி வேணும்."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தான். "அது தப்பான இணைப்பு சார். படிச்சவங்க யாரும் அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க."

"அதனாலதான் நான் போடறேன்" என்றேன். "இந்தத் தப்பை ஒழுங்கா பண்ணத் தெரிஞ்ச ஒரே ஆள் இந்த ஊர்ல நான்தான்."

வக்கீல் பையன் வீட்டு இணைப்புக்காக வாரியத்தின் விண்ணப்பப் படிவத்தை எடுத்து விரித்து, லைசென்ஸ் எண் என்று போட்டிருந்த கட்டத்தில் என் எண்ணை, மச்சானுக்கும் தெரிகிற மாதிரி பெரிசாக எழுதினேன்.