அந்த இரண்டு வார்த்தையை அழித்தது ஸ்டெல்லா இல்லை

ஸ்டெல்லா செத்துப்போய்விட்டாள். இன்று காலை, புது ஆபீஸுக்குப் போக செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவளுக்கு மார்வலி... நாற்பத்து மூன்று வயது.

நான் அழுதுகொண்டிருக்கும்போதே பழைய டீம் வாட்ஸ்அப் குரூப்பில், எங்களுக்கு மேலே இருந்த லீட் சாரின் அஞ்சலி வருகிறது. "தன் தப்பைக்கூட மறுக்காமல் ஏற்றுக்கொண்ட நல்ல மனுஷி." கூடவே மூன்று கும்பிடு எமோஜி.

எந்தத் தப்பு சார்?

நாவலூர் ஆபீஸில் ஆறு வருஷம் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட். அவள் திருக்கழுக்குன்றத்திலிருந்து வருவாள், நான் கோவளத்திலிருந்து. இரண்டு பேருக்கும் ஏபாப்தான் சோறு போட்டது. கம்பெனிகளின் ஆர்டர், டெலிவரி எல்லாம் ஓடுகிற கம்ப்யூட்டர் லாங்வேஜ்.

ஒரு மருந்து கம்பெனிக்கு அட்ரஸ் ஃபைல் அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. பேருக்கு முப்பது இடம், தெருவுக்கு முப்பத்தைந்து, பின்கோடுக்குப் பத்து. பேர் சின்னதாக இருந்தால் மீதி இடம் காலியாகவே நிற்க வேண்டும்.

ஆனால் எழுத்துகளை ஒட்டும்போது ஏபாப் அந்தக் காலி இடத்தைத் தின்றுவிடும். தின்னாதே என்று சொல்ல கடைசியில் 'ரெஸ்பெக்டிங் பிளாங்க்ஸ்' என்று இரண்டு வார்த்தை போட வேண்டும்.

"ஆளு வரலன்னா இன்னாடி, சீட்டு சீட்டுதான். எடுத்துட்டினா பின்னாடி கீறவன்லாம் முன்னால வந்துடுவான்" என்பாள். மகளுடைய கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக எழுதி விரலால் எண்ணிப் பார்ப்பாள். நான் கேலி செய்தால் தலையில் ஒரு தட்டு.

அன்றைக்கு அவள் லீவு. நான் அந்த புரோகிராமைத் திறந்து வைத்திருந்ததால் வேறு லாகினிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. லீட் சார் என்னை எழுப்பிவிட்டு என் சீட்டில், என் லாகினில் உட்கார்ந்தார். புரோகிராமைச் சுத்தம் செய்கிறாராம். அந்த இரண்டு வார்த்தையையும் வெட்டிப் போட்டார்.

எங்கள் டீமில் யார் கை வைத்தாலும் புரோகிராமின் தலையில் பேரும் காரணமும் எழுதணும். அவர் எழுதவில்லை. அங்கே இருந்தது ஸ்டெல்லா பேர் மட்டும்தான்.

நாலே நாளில் தெருவும் பின்கோடும் இடம் மாறி, இன்சுலின் பெட்டிகள் ஊர் ஊராகச் சுற்றின.

மீட்டிங்குக்கு முன்னால் லிஃப்ட்டில் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஹிஸ்டரில உன் பேருதான் இருக்கு பர்வீன், பாத்துக்கோ." யார் லாகினில் மாறியது என்று சிஸ்டமே தானாகக் குறித்து வைப்பதுதான் ஹிஸ்டரி.

அந்த மாதம்தான் என் கான்ட்ராக்ட் ரெனியூ ஆக வேண்டும். மீட்டிங்கில் யாரும் ஹிஸ்டரியைத் திறக்கவில்லை, புரோகிராமின் தலையில் இருந்த பேரைத்தான் பார்த்தார்கள். யார் மாற்றியது என்று கேட்டபோது, தெரியாது என்றேன்.

ஒரு புள்ளி தப்பானாலும் சண்டைக்கு நிற்கிற ஸ்டெல்லா, அன்றைக்கு வாயே திறக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அவளை பிராஜெக்டிலிருந்து தூக்கினார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டாள்.

நல்ல மனுஷியாம். தூ... சார், நீங்கள் என் ஃபேஸ்புக் ஃபிரெண்ட் லிஸ்டில்தான் இருக்கிறீர்கள். படியுங்கள். எல்லோரும் படிக்கட்டும்.

மதியம் அவள் மகளுக்கு போன் செய்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பெண் சொன்னாள்: "அம்மா மீட்டிங்குக்கு முன்னாடியே ஹிஸ்டரி பாத்துட்டாங்க ஆண்ட்டி. நீங்க பண்ணதுன்னுதான் நெனச்சுகினு இருந்தாங்க. அவளுக்கு வேல போயிடும், வுடு, யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க."

ஸ்டெல்லா... நான் அழிக்கவில்லைடி. ஆனால் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

போய் வா.