திருத்தணி அடிவாரத்தில் ஒரு கியர் விளக்கு

தை மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு வில்லிவாக்கத்திலிருந்து கிளம்பினேன். திருத்தணிக்கு ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். தங்கை மகனுக்கு மலைமேல் மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடிக்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். தங்கக் கடுக்கன் இருந்த சின்னப் பெட்டியை டாஷ்போர்டு அறையில் வைத்திருந்தேன்.

தங்கை வீட்டார் பள்ளிப்பட்டிலிருந்து வேனில் நேராக மலைக்கு வருவதாக ஏற்பாடு. நான் பேசாமல் பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய கார் இருந்ததே! பத்து வருடப் பழசுதான், ஆனாலும் ஆட்டோமேட்டிக் கியர். 2003இல் அந்தப் பக்கம் கிளட்ச் இல்லாத காரைப் பார்த்தவர்கள் குறைவு. மாப்பிள்ளை வீட்டார் கண்முன்னே ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு மலையேற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

எட்டே கால் மணி. திருவாலங்காட்டுப் பிரிவைத் தாண்டியதும் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஒன்றை முந்தலாம் என்று மிதித்தேன். வண்டி முக்கியதே தவிர வேகம் எடுக்கவில்லை. மீட்டருக்குப் பக்கத்தில் கியர் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. கியர் மாறாமல் ஒன்றிலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. உருட்டிக்கொண்டே திருத்தணி எல்லைக்கு வந்து, கண்ணில் பட்ட முதல் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

மணி ஒன்பது. இந்த மாதிரி கியரில் தான் கை வைத்ததே இல்லை என்று மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிட்டார்.

“மலை இன்னா தூரமா சார்? வண்டிய இங்கியே உட்டுட்டு ஆட்டோல போய்ட்டு வாங்க. நான் பாத்துகினு இருக்கேன்.”

நாற்பது ரூபாய் கேட்பார்கள், பேரம் பேசாமல் ஏறுங்கள் என்றும் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் ஒன்பதரைக்குள் மேலே இருந்திருப்பேன். எனக்கோ, கார் இல்லாமல் ஆட்டோவில் போய் இறங்குவதா என்று இருந்தது. போதாததற்கு, இந்த வண்டி தன் கோளாறைத் தானே சொல்லும் என்பது எனக்குத் தெரியும். டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு துளையுள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதை ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் கியர் விளக்கு சிமிட்டும். எத்தனை முறை என்று எண்ண வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பாகம். இதை விளக்கியபோது மெக்கானிக் வாய் பிளந்து பார்த்தார். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழு வரை எண்ணியபோது செல்போன் அடித்தது. தங்கை.

“எங்க இருக்கண்ணா? புள்ள அழுதுகினே இருக்கான். ஆசாரி வந்து உக்காந்துகினு இருக்காரு.”

“அடிவாரம் வந்துட்டேம்மா. இதோ ஏறிகினு இருக்கேன்.”

நா கூசாமல் சொல்லிவிட்டு, எண்ணிக்கையைக் குழப்பிவிட்டாளே என்று அவள்மேல் எரிச்சல் வேறு பட்டேன். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஒன்பது. கியர்பெட்டியின் வேக சென்சார்.

நான் கணித்தது சரிதான். சென்சாரின் சாக்கெட்டில் பச்சையாகக் களிம்பு ஏறி, ஒரு ஒயர் அற்றுப்போயிருந்தது. மெக்கானிக் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினார். பழைய கோளாறை வண்டி மறக்க ஒரு ஃபியூஸைக் கழற்றி மாட்ட வேண்டும். அது டாஷ்போர்டு அறைக்குப் பின்னால் இருந்ததால், கடுக்கன் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. செல்போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. விளக்கு அணைந்தபோது மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

மலைமேல் போய் நிறுத்தியபோது மணி பதினொன்று. குழந்தையின் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. காதுகளில் ஆசாரி தன்னிடமிருந்த செப்புக் கம்பியை வளைத்துப் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் தம்பி மடியில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள்.

“ஏறிகினு இருக்கேன்னு சொன்னீங்களே பாவா,” என்றார் மாப்பிள்ளை. “அதான் கடைசி வரிக்கும் மணைய காலியா வச்சிகினு இருந்தோம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கியர் மாட்டிக்கொண்டது என்றேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் திரும்பி, வாசலில் பளபளவென்று நின்ற காரைப் பார்த்தார்கள். தங்கை பெட்டியை வாங்கித் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்காகப் பள்ளிப்பட்டுக்குக் கிளம்பினோம். என் காரில்தான் வர வேண்டும் என்று நான் கெஞ்சியதால் தங்கை குழந்தையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அதற்கு மேல் குரலை உயர்த்தி, சென்சாரையும் ஒயரையும் விளக்கினேன், ஒன்பது முறை சிமிட்டியதையும் சொன்னேன். மேட்டில் ஒரு லாரியை முந்தினேன். வண்டி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது.

“நல்லாத்தான ஓடுது, அண்ணா,” என்றாள் தங்கை.

பள்ளிப்பட்டு வரை அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு முறையாவது அது சிமிட்டியிருக்கலாம்.